ஐம்பத்து நாலு சைஸ் சைக்கிள்

எங்கள் வீட்டில் யாரும் சைஸ் பார்த்துச் செருப்பு வாங்கியதில்லை. அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் வேலை செய்தார். வெளிநாட்டு வியாபாரிகளிடம் காட்டுவதற்காகச் செய்யும் மாதிரி ஷூக்கள் எல்லாம் அங்கே ஒரே சைஸ்தான். ஆண்களுக்கு நாற்பத்திரண்டு, பெண்களுக்கு முப்பத்தேழு. ஆர்டர் கிடைத்த பிறகுதான் மற்ற சைஸ்கள் பிறக்கும். ஆர்டர் கிடைக்காத மாதிரிகள் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கு வந்து சேரும். அதனால் அப்பா எப்போதும் நாற்பத்திரண்டு, அம்மா எப்போதும் முப்பத்தேழு, நானும் ஆறாம் வகுப்பிலிருந்தே முப்பத்தேழு. பெரிதாக இருந்தால் உள்ளே ஒரு இன்சோல் அட்டை வைத்துக்கொள்வோம். இறுக்கமாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொள்வோம். இத்தாலிக்குப் போயிருக்க வேண்டிய ஷூவை மாட்டிக்கொண்டு அப்பா மளிகைக் கடைக்குப் போவதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இப்படிப்பட்ட குடும்பத்திடம் ஒருவர் போனில் "எந்த சைஸ் வேணும்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கேட்டவர் வேலூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. மாவட்ட சைக்கிள் அணித் தேர்வுக்கு என்னை அனுப்புவதாக விளையாட்டு டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் கூடை வைத்த என் லேடீஸ் சைக்கிளோடு போக முடியாது. மெல்லிய டயரும், கிடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹாண்டிலுமாக ஒரு ரோட் பைக் வேண்டும். என்னால் வாங்க முடியாவிட்டால் அனுப்புவதற்கு இன்னொரு பெண்ணை டீச்சர் தயாராக வைத்திருந்தார். அவளிடம் ரோட் பைக் ஏற்கெனவே இருந்தது. அவள் அதில் பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் நான் என் கூடை சைக்கிளை ஸ்டாண்டின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவேன்.

அப்பா "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குக் கிடையாது என்று அர்த்தம். வாஷிங் மெஷின், ஏலகிரிப் பயணம், அம்மாவின் மூக்குத்தி எல்லாம் வருஷக்கணக்காகப் பாக்கலாமில்தான் இருந்தன. நான் சரியாகச் சாப்பிடாமல் இருந்து பார்த்ததில், கடைசியில் அந்தக் கடைக்குப் போன் செய்தார். பார்வைக்கு வைத்திருந்த ஒரே ஒரு சைக்கிள் தள்ளுபடியில் இருப்பதாகவும், ஃபிரேம் ஐம்பத்து நாலு சைஸ், கொஞ்சம் உயரமானவர்களுக்குத்தான் சரிப்படும் என்றும், வேறொருவரும் கேட்டிருப்பதாகவும் கடைக்காரர் சொன்னார். பெண்ணின் உயரம் என்ன என்றும் கேட்டார். அப்பா விழித்தார். அம்மா போனை வாங்கி, "வளர்ற பொண்ணு சார், அதெல்லாம் சரியாய்டும்" என்று முடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா என் ஷூ ஒவ்வொன்றிலும் இரண்டு இன்சோல்களை வைத்து, குதிகாலுக்கு இன்னொரு தடித்த துண்டையும் செருகினாள். அவளுக்கு இதில் திருட்டுத்தனம் எதுவும் தோன்றவில்லை. ஷூ பெரிதாக இருந்தால் அட்டை வைப்பாள், சைக்கிள் பெரிதாக இருந்ததால் இப்போதும் அட்டை வைத்தாள். "நீ வளர வளர ஒண்ணொண்ணா எடுத்துடு, அவ்ளோதான்" என்றாள். அப்பாவோடு வேலூர் போகும்வரை எனக்கு ஒரே பயம். அந்த வேறொருவர் முந்திக்கொண்டு போய்விட்டிருந்தால்?

போகவில்லை. சைக்கிள் கண்ணாடி ஓரமாகக் கறுப்பும் சிவப்புமாக நின்றிருந்தது. என்னுடையது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். கடைக்காரர் மேல் கம்பிக்கு இரு பக்கமும் கால் போட்டு நிற்கச் சொன்னார். அம்மாவின் புண்ணியத்தில் பாதம் தரையைத் தொட்டது. கம்பி மட்டும் அழுத்தியது. பிறகு சீட்டில் உட்கார்ந்து ஹாண்டிலைப் பிடிக்கச் சொன்னார். எட்டிப் பிடித்தேன். தோள்பட்டை இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. காலுக்கு அட்டை வைத்த அம்மா கைக்கு எதை வைப்பாள்?

"கரெக்டா இருக்குப்பா" என்று சிரித்தேன்.

சந்தில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார்கள். திருப்பத்தில் ஒரு ஆட்டோ வந்தது. பிரேக்கை எட்ட விரல் நீளவில்லை. காலைத் தரையில் தேய்த்து எப்படியோ நிறுத்திவிட்டேன். ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். கடை வாசலில் நின்ற அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார்.

"கொஞ்சம் பெருசுதாண்ணா" என்றார் கடைக்காரர். "சீட்ட எறக்கி, ஹாண்டில கொஞ்சம் கிட்ட கொண்டாந்து குடுக்குறேன். ஓட்டலாம். ஆனா பாப்பாவுக்கு நாப்பத்தொம்போதுதான் சரியான சைஸு. அது பெங்களூர்லருந்து வரணும். இந்தத் தள்ளுபடி அதுக்குக் கெடையாது, ஜாஸ்தி ஆவும்."

"இதுவே போதும்ப்பா" என்றேன். "நான் வளந்துடுவேன்ப்பா."

அப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்து, கம்பெனியில் செய்வதுபோலவே, ஷூவின் நுனியைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"எத்தினி வச்சா உங்கம்மா?"

"ரெண்டு. குதிகால்ல இன்னொண்ணு."

சிரிப்பார் அல்லது கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. ஷூக்களைக் கழற்றச் சொல்லி, அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். பிறகு எழுந்து, "வாணாம் தம்பி. இத வேற யாருக்காவது குடுத்துடுங்க. இவ சைஸு வரட்டும்" என்றார்.

வரட்டும் என்பது எனக்குப் பாக்கலாம் என்றே கேட்டது. தேர்வு போயிற்று, சைக்கிளும் போயிற்று. அந்த இன்னொரு பெண் அணியின் சட்டையோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் கிடைத்த சைஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்த மனுஷர், இன்றைக்கென்று பார்த்து இந்த நியாயம் பேச வேண்டுமா? அவரை அன்று மனதார வெறுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது. பள்ளிகொண்டாவில் பக்கத்து ஆள் இறங்கிய பிறகுதான் அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் குனிந்து, இத்தாலி ஷூவை மெதுவாகக் கழற்றினார். சுண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. பெருவிரல் நகம் கறுத்திருந்தது. தினம் பார்க்கிற கால்தான்.

"அந்த அட்டைங்களோட கால் வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன் வெடுக்கென்று.

கழற்றிய ஷூவைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார். பிறகு தன் காலைப் பார்த்தபடியே, "எனக்கு வலிக்குதும்மா" என்றார்.

நாற்பத்தொன்பது சைஸ் சைக்கிள் அந்த மாதக் கடைசியில் வந்துசேர்ந்தது. தேர்வுக்கும் போனேன். பிரேக் விரலுக்கு எட்டியது. சைக்கிளை எடுத்துவரப் போன அன்றும் அப்பா போட்டிருந்தது நாற்பத்திரண்டுதான். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று பஸ்ஸில், பள்ளிகொண்டா வரை நின்றுகொண்டே வந்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.