இருபது துண்டுகளுக்கு ஒரு பிளேடு

விரிசலைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன் நான். கேட்பவர்கள் சிரிப்பார்கள், எனக்கும் சிரிப்புதான். எபாக்சிப் பிசினில் கண்ணுக்குத் தெரியாத களிமண் தகடுகளைக் கலந்து, விரிசல் விழுந்த பிறகு அது எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது வேலை. புனேயில், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், 'நானோ' என்ற சொல் எல்லோர் வாயிலும் சூடாக இருந்த காலம்.

வார்த்தெடுத்த பிசின் துண்டில் முதலில் ரம்பத்தால் ஒரு வெட்டு. அதன் அடியில் சவர பிளேடை வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். டக். நகக்கண் அளவுக்கு ஒரு விரிசல் உள்ளே ஓடும். அதன் முனை கூராக இருந்தால்தான், துண்டை உடைத்துப் பார்க்கும் எந்திரம் உண்மை சொல்லும். மழுங்கினால், பொருள் தன்னைவிட உறுதியானதாக நடிக்கும்.

களிமண் கூடக் கூட என் துண்டுகள் உறுதியாகிக்கொண்டே போயின. வரைபடம் புனேயின் பர்வதி மலைக் கோயில் படிகளைப் போல ஏறியது. நெறியாளர் மகிழ்ந்துபோய், மறுவாரக் கருத்தரங்கில் படிக்கச் சொன்னார். அது நிலைத்தால் அந்த ஆண்டே ஆய்வேடு முடியும். ஊரில் அப்பா ஓய்வுபெற இருந்தார். நான் வேலைக்குப் போயாக வேண்டும்.

துண்டுகளை உடைக்கும் எந்திரத்தை இயக்கியவர் என் வயதுப் பெண். புனேயை ஒட்டிய கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் இந்தி கலந்து வரும். அவர் அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். துண்டுகள் உடைந்த பரப்புகளை அந்தப் பெண் சன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் துண்டில், வெட்டுக்குக் கீழே விரிசல் ஓடிய இடம் கண்ணாடியாய்ப் பளபளத்தது. கடைசித் துண்டில் அது இல்லவே இல்லை.

"டாக்டர் சார், எல்லாம் ஒரே பிளேடா?"

இன்னும் டாக்டர் ஆகாதவனை அப்படித்தான் கேலி செய்வார்.

"ஆமா. நல்லாத்தானே இருக்கு?"

"அரே, இருபது பீஸுக்கு ஒண்ணா! தாடிக்கும் இதே கதைதான் போல. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

உண்மைதான். விடுதியில் ஒரு பிளேடை மாதம் முழுக்க ஓட்டுவோம். கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் தேய்த்துக் கூரேற்றிக்கொள்வோம். அந்தச் சிக்கனம் என்னோடு ஆய்வகத்துக்கும் வந்துவிட்டது.

"எந்த வரிசைல தட்டினீங்க?"

"களிமண் இல்லாதது முதல்ல. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா..."

"பஸ், அவ்ளோதான். உங்க களிமண் ஸ்ட்ராங் ஆகல. பிளேடுதான் மொட்டையாச்சு."

இழுப்பறையைத் திறந்து ஒரு பிளேடு பாக்கெட்டை மேசையில் வைத்தார். "ஒரு பீஸுக்கு ஒண்ணு. கஞ்சூஸி வேணாம்."

மீண்டும் வார்த்தேன், தட்டினேன், உடைத்தேன். வரைபடம் கொஞ்சம் ஏறி, களிமண் கட்டிதட்டிய இடத்திலிருந்து சரிந்தது. கருத்தரங்கு போனது. இன்னொரு முழு ஆண்டும் போனது. தொலைபேசியில் சொன்னபோது அப்பா, "அப்போ தீபாவளிக்காவது வருவியா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று அவர் பிளேடைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால், பொய்யோடு வேலைக்குப் போயிருப்பேன். என் எண்களை நம்பி யாரோ எதையோ செய்திருப்பார்கள். எங்கோ அது உடைந்திருக்கும். எத்தனை ஊர் மாறியும், எத்தனை வேலை மாறியும், இந்த நினைப்பு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

ஆய்வேட்டின் முதல் பிரதியை அந்தப் பெண்ணிடம்தான் கொடுத்தேன். நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் முதலில் இருந்தது. அதைப் பார்க்காமலே புரட்டி, வரைபடத்துக்குப் போனார். கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"எறங்குது," என்றார், அவ்வளவு சந்தோஷமாக.