தாழ்ப்பாள் இருந்த பக்கம்

தொண்ணூறுகளில் காரைக்குடியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். என் அக்கா சேர்ந்திருந்த கன்னியர் மடத்தில், உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. பார்க்கப் போனாலும் கம்பித் தடுப்புக்கு அப்பால் முக்காடு போட்ட உருவம்தான். அவளை அடைத்து வைத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் திட்டித் திரிந்தேன்.

ஒருநாள் மடத்துக் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று என்னையே கூப்பிட்டார்கள். அக்காவைக் கண்டால் கையோடு கூட்டி வந்துவிடுவது என்ற முடிவோடு போனேன்.

ஆண்கள் உள்ளே வந்தால் ஒரு சிஸ்டர் கைமணியை ஆட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். சத்தம் கேட்டு மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அன்றும் முகத்தை மூடிய ஒருவர் நடந்தார். நான் ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்தேன். எல்லாம் சாத்தியிருந்தது.

“இப்படிப் பூட்டி வைக்கணும்னு எந்த பிஷப் சொன்னாக, சிஸ்டர்?” என்று கேட்டேவிட்டேன்.

அவர் பேசாமல் சுவரிலிருந்த படத்தைக் காட்டினார். பல நூறு வருடங்களுக்கு முன் சபையைத் தொடங்கி, இந்த ஒழுங்குகளை வகுத்தவர் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் இருந்தது ஒரு பெண்.

மோட்டார் ஓடியது. வாசலில் அந்த சிஸ்டரே தாழ்ப்பாளை நீக்கினார். நான் படியிறங்கும்போது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

“அம்மாவுக்கு முட்டுவலி தேவலையாடா தம்பி?”

திரும்புவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அக்கா உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

இனி யாரைத் திட்டுவது என்று தெரியாமல், கடைவரை சைக்கிளை உருட்டிக்கொண்டே போனேன்.