மீன்காரி படத்துக்குக் காவல்

ஒன்பது வயதில் எனக்கு ஊரில் எல்லாருமே திருடர்கள். தெருவில் ஒரு செருப்பு காணாமல் போனால் மூன்று பேரைச் சந்தேகப்பட்டு, நான்காவதாக ஓர் ஆளையும் மனதில் குறித்து வைத்திருப்பேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, கல்யாணமாகாமல் மயிலாப்பூரில் எங்களோடு இருந்தாள். ஒரு பல்கலைக்கழகத்தின் ஓவியக்கூடத்தில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் பையை வாங்கி வைக்கவேண்டும், யாரும் படத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். கோடை விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவாள்.

ஓவியம் பார்க்க அங்கே வந்தவர்கள் குறைவு. மே மாத வெயிலில் அந்த வளாகத்தில் ஒழுங்காக ஏசி ஓடிய இடம் அது ஒன்றுதான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பெஞ்சில் தூங்குவார்கள். ஜோடிகள் ஒரே படத்தை அரைமணி நேரம் ரசிப்பார்கள். கேண்டீன் சமோசாவைத் துப்பட்டாவுக்குள் மறைத்து எடுத்து வருகிற அக்காக்களை நான்தான் மோப்பம் பிடித்து அத்தையிடம் சொல்வேன்.

இதில் எதிலும் சேராத ஒருவர் இருந்தார். நூலகத்தில் வேலை என்று அவர் கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது. தினமும் மூன்று மணிக்கு வருவார். நேராகப் போய்க் கண்ணாடி போட்ட ஒரு படத்தின் முன்னால் நிற்பார். நொச்சிக்குப்பத்து ரோட்டோரம் ஒரு பெண் மீன் விற்கிற படம். மீன்களெல்லாம் வெண்டைக்காய் மாதிரி இருக்கும். அதைப் போய் ஒரு மனுஷன் தினமும் பார்ப்பானா?

ஒருநாள் பூனை மாதிரி அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் பார்த்தது மீன்காரியை இல்லை, கண்ணாடியை. அதில் வாசலோரம் இருந்த அத்தையின் மேசை அப்படியே தெரிந்தது. எனக்கு விளங்கிவிட்டது. அத்தை எப்போது அசருவாள் என்று ஆள் வேவு பார்க்கிறார்.

சாயங்காலமே அப்பாவிடம் போட்டுக்கொடுத்தேன். படம் போனால் அத்தைக்கு வேலை போகும், வீட்டுக்குப் போலீஸ் வரும் என்றேன். நான் சொல்வதை அப்பா காதில் வாங்குகிற வழக்கமே இல்லை. அன்று டிவியை நிறுத்தினார். அத்தை அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

மறுநாள் தி.நகர் ஜவுளிக்கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு அப்பா மூன்று மணிக்கு அங்கே வந்தார். அந்தப் படத்தின் முன்னால், நூலகத்துக்காரருக்குப் பக்கத்திலேயே போய் நின்றார். அப்பாவும் கண்ணாடியைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் நூலகத்துக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதோடு அத்தை வேலைக்குப் போகவில்லை. அடுத்த வாரமே வேலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஒரு படத்தையே காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு யாரும் ஒரு சாக்லேட்கூட வாங்கித் தரவில்லையே என்று எனக்கு மனக்குறை. அந்தப் படம் இன்றும் அங்கேதான் தொங்குகிறது. நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பெண் பார்க்க வந்த அன்று அம்மா அத்தைக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அத்தை என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"உங்கப்பா கிட்ட என்னப் பத்தி இன்னாடி சொன்ன?"

"உன்ன நல்லபடியாதான் சொன்னேன் அத்தே. நீயும் கண்ண எடுக்காம அந்தப் படத்தையே பாத்துக்கினு இருந்தேன்னு சொன்னேன்."

அத்தை சிரித்தாள். பிறகு அவள் கண் கலங்கியது. நல்லதைச் சொன்னதற்கு இவள் ஏன் அழுகிறாள் என்று அவள் மேலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.