ரப்பர் பால் ஒட்டிய கூரை

“…நடந்துகூடப் போயிருவேன் மாமா. சேலையில சேறு தெறிச்சா கழுவினாப் போவும். இது போவாது. இதுக்குள்ள நான் தலையக் குடுக்கமாட்டேன்.”

இப்படிச் சொன்னவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அன்று அவளுக்குக் கல்யாணம். மேலிருந்து கீழ்வரை வெள்ளை. வெள்ளைப் பட்டுச்சேலை, தலையில் வெள்ளை வலை முக்காடு, கையில் வெள்ளைப் பூச்செண்டு. அவள் வீட்டு முற்றத்தில் என் வெள்ளை அம்பாசடர் பூவும் ரிப்பனும் கட்டிக்கொண்டு நின்றது. நான் பின்கதவைத் திறந்து பிடித்தபடி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டையில், பெரிய மனிதன்போல நின்றேன். அவள் குனிந்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். மேலே பார்த்தாள். வைத்த காலை வெளியே எடுத்துவிட்டாள்.

காரின் உள்கூரைத் துணி நடுவில் பிரிந்து, கறவைப் பசுவின் மடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் வெள்ளையாக ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ரப்பர் பால். கேரள எல்லையோரத்தில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் அதைப் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். துணியில் படும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். காய்ந்தால் பழுப்பாகும், பிறகு கறுக்கும். எந்தச் சோப்புக்கும் அசையாது. அதற்குப் பிறகு அந்தத் துணியை உடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குத்தான் போகலாம்.

அந்தப் பால் என் காரின் கூரைக்கு எப்படி ஏறியது என்று சொல்லவேண்டுமானால், முதலில் என் கிறுக்கைச் சொல்லவேண்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தக் காரை நான் இரண்டாம் கையாக வாங்கினேன். ஓட்டுவதற்காக வாங்கியதாகத்தான் நானும் நினைத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து துடைக்கத் தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. காலையில் கிணற்று வெள்ளம் கோரி ஊற்றி ஒரு கழுவல். பழைய பனியன் துணியால் ஒரு துடைப்பு. பிறகு காது குடைவதுபோலக் குச்சியில் பஞ்சு சுற்றி, கதவுக் கைப்பிடிகளின் இடுக்கில் ஒரு பரிசோதனை. வெளியே போய்வந்தால் அழுக்காகும் என்பதால் பல நாள் வெளியே போகவே மாட்டேன். பஸ்ஸில் போய்வருவேன்.

ஆட்கள் வாயிலிருந்து விழும் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பதில் எனக்கு ஒரு ஆசை உண்டு. அந்தக் கார் வந்தபிறகு எனக்குப் பஞ்சமே இல்லை. சந்திப்பிலுள்ள சாயாக்கடைக்காரர் சொன்னார்: “அண்ணன் காரு வாங்கல்ல கேட்டியளா, பிள்ளை எடுத்து வளக்குதாரு.” என் மனைவி அதைவிட ஒருபடி மேலே போனாள்: “எனக்கொரு சக்களத்தி வந்திருக்கா, டயரு உள்ளவ.”

காருக்குள் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றவேண்டும் என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். மனைவியின் அண்ணன் ஆரியங்கோட்டிலிருந்து வந்தார். பாறசாலையில் பஸ் இறங்கியவரை மரியாதையாகக் காரில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வீட்டு முற்றத்தில் இறங்கிக் காலைப் பார்த்தார். ஏறும்போது கழற்றிய செருப்பு பாறசாலை ரோட்டோரத்திலேயே ஜோடியாக நிற்கிறது. “மச்சான், அடுத்த தடவ வேட்டியையும் அவுத்து வச்சிட்டு ஏறணுமா? உண்டுமெண்ணா இப்பவே சொல்லீரும்” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திரும்பிப் போனபோது செருப்பு அங்கே இல்லை.

ஒருநாள் குத்துவிளக்கு புளியில் பளபளப்பதைப் பார்த்து, பம்பருக்கும் அதுதானே என்று தோன்றிவிட்டது. பீங்கான் பரணியிலிருந்த புளி முழுவதையும் எடுத்துத் தேய்த்தேன். அன்று மத்தியானம் மீன்கறி இல்லை. கேட்டதற்கு மனைவி, “புளியெல்லாம் அங்கயாக்கும் இருக்கு. பம்பர நக்கிக்கிட்டுச் சோறத் தின்னுங்க” என்றாள். பம்பர் கண்ணாடிபோல் இருந்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தப் பெருமையெல்லாம் கேட்டுத்தான் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் வந்தாள். அவள் ஒரு டியூட்டோரியலில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணச் சேலையை அப்பாவிடம் கேட்காமல், தன் சம்பளத்திலேயே எடுத்திருந்தாள். கொண்டுவந்து என் மனைவியிடம் காட்டியபோது அதைத் தொட நாங்கள் இருவருமே கையைக் கழுவிவிட்டு வந்தோம்.

“மாமா, வாடகக் காருல ஏறினா எந்த சீட்டுல என்ன கிரீஸு கெடக்குமோ தெரியாது. சர்ச்சுக்குப் போயி எறங்குமட்டும் இதுல ஒரு பொட்டு படப்பிடாது. நம்ம ஊருல மாமாவுக்க காரத்தான் நம்பி ஏறலாம்” என்றாள்.

நம்பி ஏறலாம்! அந்த வார்த்தையைக் கேட்டபிறகு எனக்கு ஒரு சுற்றளவு கூடிவிட்டது. கல்யாணம்வரை வாரம் முழுவதும் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஏதாவது குறை கிடைக்காதா என்று தேடுகிறவனுக்கு அது கிடைக்காமலா போகும்? பருவமழை கொஞ்சம் முந்திக்கொண்டு பெய்தது. கதவின் மேல்பக்கத்து ரப்பர் பட்டை வழியாக வெள்ளம் இறங்கி, கூரைத் துணி ஒரு ஓரத்தில் லேசாக விட்டிருந்தது. லேசாக என்றால், விரல் நுழையும் அளவுக்கு. யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். நான் பார்த்துவிட்டேன்.

நெய்யாற்றின்கரையில் சீட்டு தைக்கிறவர் இருந்தார். அவரிடம் போயிருந்தால் ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் ஒட்டிக் கொடுத்திருப்பார். ஆனால் அவர் பீடி குடிப்பவர். பீடி பிடித்த விரலால் என் கூரையைத் தொடுவதா? நானே செய்வேன் என்று முடிவெடுத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. அதைப் பார்த்ததும் என் மூளை வேலைசெய்தது. டயர் ரப்பர். கதவுப் பட்டை ரப்பர். காலடி விரிப்பு ரப்பர். காருக்கும் ரப்பருக்கும் இவ்வளவு நெருங்கிய சொந்தம் இருக்கும்போது, கடையில் போய் அன்னியப் பசை வாங்குவானேன்? சிரட்டையில் வடிந்திருந்த பாலை ஒரு கோப்பையில் சேர்த்துக்கொண்டு காருக்குள் ஏறினேன்.

“என்ன செய்யப்போறிய?” என்று மனைவி கேட்டாள். சொன்னேன்.

“மழக்காலத்துல ரப்பர் பாலு காயுமா? புகப்பெரையில அடுப்புப் பொகைக்கு மேல தொங்கப்போட்ட ரப்பர் ஷீட்டே காயாம பூத்துக் கெடக்குது.”

“ஷீட்டு வேற, கூரை வேற” என்றேன். அதற்கு என்ன பொருள் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே தெரியாது.

கூரையில் பூசிய பால் என் முழங்கை வழியாக அக்குளுக்கு இறங்கியது. சரி, கட்டியாக்கினால் நிற்கும் என்று, ஷீட் அடிக்க வைத்திருந்த ஆசிட்டை அதில் நாலு துளி விட்டேன். அது தயிர்போல் திரண்டது. அந்தத் தயிரை வாரி வாரித் துணிக்கு மேலே திணித்தேன். கையை வெளியே எடுக்கும்போது ஓரத்தில் மட்டும் விட்டிருந்த துணி நடுவரைக்கும் விட்டுவிட்டது. அதனால் நடுவிலும் திணித்தேன். கீழே விழாமலிருக்க, சீட்டிலிருந்து கூரைவரை வீட்டிலுள்ள தலையணைகளை அடுக்கி முட்டுக் கொடுத்தேன். தூசி படியக்கூடாதென்று எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டேன். காற்று போனால்தானே காயும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தூசியைப் பற்றித் தோன்றியது.

மறுநாள் தலையணைகளை உருவி எடுத்தபோது கூரை நின்றது. எனக்குச் சொர்க்கம். தலையணை உறைகளைப் பார்த்த மனைவிதான், “இனி இதுல படுத்தா, காலத்த எழும்பும்போ தலகாணியும் கூடவே எழும்பி வருமாக்கும்” என்றாள். அப்புறம் மூக்கைச் சுளித்தாள். “எதோ நாறுதே?”

ரப்பர் பால் கெட்டால் எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். புளித்த மாவும் ஊறிய கயிறும் செத்துப்போன ஏதோவொன்றும் ஒரே சட்டியில் கிடந்தால் வரும் மணம் அது. நான் அதைப் புது மணம் என்றேன். ஊதுபத்தி கொளுத்திவைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு அதில் சாமி அறையின் மணமும் சேர்ந்துகொண்டது.

அந்த மணத்தோடுதான் ரிப்பன் வாங்க நெய்யாற்றின்கரைக்குப் போனேன். திரும்பும் வழியில், அமரவிளைச் சோதனைச்சாவடியில் நின்றவர் கைகாட்டி நிறுத்தினார். ஜன்னல் பக்கம் குனிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். “எந்தா சேட்டா, டிக்கியில் ஒட்டுபாலுண்டோ?” ரப்பர் கழிவை ஒளித்துக் கடத்துகிறேன் என்று நினைத்துவிட்டார். டிக்கியைத் திறந்து காட்டினேன். ஜாக்கியைத் துண்டில் பொதிந்து, ஸ்டெப்னியைத் துடைத்து, மூலையில் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். “இது வண்டியோ, ஆபரேஷன் தியேட்டரோ?” என்றார்.

மனிதன் என்னை எச்சரிக்க வந்த தூதன். நானோ அந்த ஒற்றை வரியை வீடுவரை சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். ‘பின்னே ஈ நாற்றம் எவிடுந்நா?’, அதாவது இந்த நாற்றம் எங்கிருந்து என்று அவர் அடுத்ததாகக் கேட்டதை வழியிலேயே தொலைத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று மழை விட்டு நல்ல வெயில். விடிந்ததுமே காரைக் கொண்டுபோய் அவர்கள் முற்றத்தில் நிறுத்தி, ஈ நுழையாமலிருக்கக் கண்ணாடியெல்லாம் ஏற்றி, பூ கட்டினேன். வெயில் ஏற ஏறப் பூ சிரித்தது, கூரை உருகியது. நான் கதவைத் திறந்தபோது கட்டிக்கிடந்த காற்று வெளியே வந்து எல்லோர் முகத்திலும் அடித்தது. அந்த அசைவில் நடுத்துணி பிரிந்து தொங்கியது. அதன்பிறகுதான் அவள் காலை வைத்ததும், எடுத்ததும், சொன்னதும்.

சர்ச் மணி அடித்தது. போதகர் நேரத்தில் கண்டிப்பானவர். மாப்பிள்ளை வீட்டார் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து வந்து சேர்ந்து, சர்ச் வாசலில் நிற்பதாக அப்போதுதான் ஆள் வந்து சொல்லியிருந்தார். பெண்ணின் அப்பா என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணே, மத்த வண்டியெல்லாம் ஆள ஏத்திக்கிட்டுப் போயாச்சே. இனி நான் எங்க போயி வண்டி பிடிப்பேன்?” என்றார். நடக்கலாமென்றால், ராத்திரி மழையில் செம்மண் பாதை குழம்புபோலக் கிடந்தது.

“ஒரு கையால கூரையப் புடிச்சிக்கிடுதேன், ஒரு கையால ஓட்டுதேன்” என்றேன்.

“எட்டுமா அது? நீங்க முன்னால, கூரை பின்னால” என்றாள் என் மனைவி. “இல்ல, உங்க கையி ரப்பரா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தோளில் கிடந்த துண்டால் அந்தச் சொட்டைத் துடைக்கப்போனேன். துண்டு கூரையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். இன்னும் ஒரு முழம் துணி துண்டோடு இறங்கி வந்தது. துண்டை விட்டுவிட்டேன், அதுவும் சேர்ந்து தொங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது பெண்ணுக்காகவா காருக்காகவா என்று என் மனைவி பிறகு பலதடவை கேட்டிருக்கிறாள்.

மணமகள் என்னைப் பார்க்கவில்லை. சேற்றுப் பாதையைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். பூச்செண்டைத் தோழியிடம் கொடுத்தாள். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரின் கையில் மாட்டியிருந்த கறுப்புக் குடையைக் கேட்காமலே உருவினாள். சேலையை முழங்கையோடு ஒதுக்கிப் பிடித்து, குடையை முன்னால் நீட்டி உள்ளே விட்டு, பாதி விரித்தாள். கம்பிகள் துணியை மேலே தள்ளிக்கொண்டு போய்க் கூரையில் முட்டி நின்றன. துண்டுக்குத் தப்பி இவ்வளவு நேரம் யோசித்த அந்தச் சொட்டு குடைத்துணியில் விழுந்து வழிந்தது. அவள் குனிந்து குடைக்கு அடியில் போய் உட்கார்ந்து, முக்காட்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டி, நான் இன்னும் பிடித்துக்கொண்டு நின்ற கதவை என் கையிலிருந்து வாங்கிச் சாத்தினாள்.