சைடு எஃபெக்ட் இல்லாத பாடம்

மாத்திரை அட்டையை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, காலாவதித் தேதியை ஒற்றைக் கண்ணால் பார்த்தபடியே, "வரலாறா, புவியியலா, பொருளாதாரமா? சட்டுன்னு ஒண்ணு சொல்லுங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். எதிரே நின்றவருக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. எதையும் சட்டென்று முடித்துவிட்டுப் போகும் நிலையில்தான் அவரும் இருந்தார். "புவியியல்" என்று சொல்லிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு ஓடினார்.

"பாத்தியா, ஜனங்க எவ்வளவு தெளிவா இருக்காங்க!" என்று கடைக்குள் திரும்பிச் சொன்னார். உள்ளே டானிக் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவில்லை.

விஷயம் இதுதான். அவருடைய ஒரே மகள் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்திருக்கிறாள். சயின்ஸ் எடுத்தவர்களும் கலைப் பாடம் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தின் விதி. கொஞ்ச நாள் எல்லா வகுப்பிலும் உட்கார்ந்து பார்க்கலாம். அதன் பிறகு பெற்றோரோடு வந்து ஒரு முடிவைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பாடத்தின் மதிப்பெண்ணும் மொத்தத்தில் சேரும் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மருந்துக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கருத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அரை மார்க் சறுக்கினால் மருத்துவக் கல்லூரி கைநழுவிவிடுமே! ஊரில் உள்ள டாக்டர்களின் கோழிக்கிறுக்கலை எல்லாம் படித்துப் படித்துக் கண் பூத்தவர் அவர். என்றாவது ஒரு நாள் தன் மகள் எழுதிய மருந்துச் சீட்டு இந்த மேஜைக்கு வர வேண்டும், அதையும் படிக்க முடியாமல் தான் திணற வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை.

"புவியியல்ல பாதி சயின்ஸ்தான். மழை, மண்ணு, பாறை. சைடு எஃபெக்ட் கிடையாது. பொருளாதாரம்னா பரவாயில்ல, சாப்பாட்டுக்கு அப்புறம் எடுத்துக்கலாம். வரலாறு இருக்கே, அது உடம்புல தங்கிடும்" என்பது அவர் தீர்ப்பு.

தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டுதான் விசாரணையையே நடத்தினார். புவியியல் என்று சொன்ன இன்னொருவருக்கு இருமல் மருந்தோடு, வெந்நீரில் ஆவி பிடிக்கும் யோசனையும் இலவசமாகக் கிடைத்தது. வரலாறு என்று வாய் தவறிச் சொன்ன ஓட்டுநர் ஒருவர் மீதிச் சில்லறைக்காக வெகு நேரம் நிற்க வேண்டியிருந்தது. கேள்வியே புரியாமல் விழித்தவர்களைப் புவியியல் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

மகளுக்கோ வரலாறுதான் வேண்டும். "டாக்டருக்குத்தான் படிக்கப் போறேன்ப்பா, அதுல மாத்தம் இல்ல" என்று அவளும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். "கடைக்கு யார் வந்தாலும் நீங்க என்ன கேக்கறீங்க? எப்ப ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டீங்க, வீட்டுல வேற யாருக்காவது இருக்கான்னு கேக்கறீங்க. அந்த வகுப்புலயும் அதையேதான்ப்பா கேக்கறாங்க."

"நான் கேட்டுட்டு மாத்திரை குடுக்கறேன். அவங்க என்னத்தைக் குடுப்பாங்க?" என்று மடக்கிவிட்டு, கடை முழுவதையும் ஒரு சுற்று பெருமையாகப் பார்த்தார்.

பாடம் எடுப்பது பற்றிப் பேச அவருக்கு அதிகாரம் உண்டு என்பது கடைக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். அவர் சயின்ஸ் எடுத்த கதையைக் கேட்காமல் அந்தக் கடையில் ஒரு தலைவலி மாத்திரைகூட வாங்க முடியாது. "எங்க வாத்தியார் என் கையைப் புடிச்சுக்கிட்டு, தம்பி, நீ சயின்ஸ் எடுக்கலேன்னா இந்தப் பள்ளிக்கூடத்துக்கே அவமானம்னாரு!" கடை திறந்த புதிதில் சொன்ன கதையில் அந்த வாத்தியார் இவரைத் தெருவில்தான் பார்த்தார். சில வருஷங்களில் வீடு தேடி வந்தார். இப்போதெல்லாம் கண்ணீர் விடுகிறார்.

மகள் உட்கார்ந்து பார்த்த வரலாற்று வகுப்பில் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்டு வர வேண்டும். அவள் அப்பா சயின்ஸ் எடுத்த கதையையே கேட்டதும் மருந்துக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு வாத்தியார் கொட்டும் மழையில் குடையில்லாமல் வந்தார்.

பிறகு அவள் அத்தைக்குப் போன் போட்டாள்.

"யாரு, உங்கப்பனா?" அத்தையின் குரல் அடுத்த அறை வரைக்கும் கேட்டது. "சேர்க்கை அன்னிக்கு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினான். நான்தான் மூஞ்சில தண்ணி தெளிச்சு எழுப்பி விரட்டினேன். சயின்ஸ் குரூப்புக்கு வர்ற கணக்கு வாத்தியாருக்குப் பயந்து மொத்தப் பசங்களும் ஆர்ட்ஸ்ல போய் விழுந்துட்டாங்க. இவன் போறதுக்குள்ள அங்க இடம் காலி. சயின்ஸ்தான் மிச்சம். அழுதுக்கிட்டே வந்தான்."

ஆக, கண்ணீர் விஷயம் பொய்யில்லை.

மருந்துக்கடைக்காரர் அடுத்த அறையிலிருந்து எழுந்து வந்தார். "அத்தைக்கு வயசாயிடுச்சு. ஞாபகம் தப்புது" என்றார்.

"போன வாரம் நீங்க மறந்த மாத்திரை பேரை அத்தைதானேப்பா எடுத்துக் குடுத்தாங்க?"

"அப்ப நான் பொய் சொல்றேங்கறியா?" குரல் உயர்ந்தது. ஒரு சண்டைக்கு வசதியாகத் தோளை நிமிர்த்திக்கொண்டார்.

"அப்படிச் சொல்லலையே. அத்தை சொல்றதுதான் சரின்னும் சொல்லல. உங்களை எழுப்பிவிட்ட பெருமை அவங்களுக்கும் வேணும்ல? அதையும் யோசிக்கணும்ப்பா. ரெண்டு பேர் சொன்னதையும் அப்படியே வகுப்புல சொல்லப் போறேன்."

அவள் பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருப்பார். வீடு இரண்டாகியிருக்கும், அவரும் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். இந்தப் பெண்ணோ தன் தகப்பனையும் விட்டுக்கொடுக்கவில்லை, அத்தையையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வாடிக்கையாளர்களிடம் செய்த திருகுதாளம் எதுவும் அவளிடம் இல்லை. அது அவரை என்னவோ செய்தது. பயமா, பெருமையா என்று அவருக்கே பிடிபடவில்லை. மறுநாள் கடையில் யாரிடமும் பாடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. முழங்கால் வலித் தைலம் வாங்க வந்தவர், "என்ன, பொண்ணு புவியியல்தானே?" என்று தானாகக் கேட்டபோதும், "காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, அழுத்தித் தேய்க்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

முடிவு சொல்லும் நாள் வந்தது. இருந்தாலும் பழக்கதோஷம் விடுமா? பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் வழியெல்லாம் "புவியியல்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மகள் கூடவே நடந்தாள். வகுப்பாசிரியையின் மேஜைக்கு எதிரே அவர் முன்னால் உட்கார்ந்தார். மகள் சுவரோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மருந்துக்கடை வெச்சிருக்கீங்களாமே, சார். நீங்களும் சயின்ஸ் குரூப்தானா?" என்று ஆசிரியை மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுவைத்தார். "எப்படி அந்தப் பக்கம் போனீங்க?"

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் அல்லவா அவர்! "எங்க வாத்தியார்..." என்று உற்சாகமாக ஆரம்பித்துவிட்டு, பக்கவாட்டில் பார்த்தார். மகள் முறைக்கவில்லை, சிரிப்பை அடக்கவுமில்லை. முதல் தடவை கேட்பவளைப் போல, அவர் சொல்லப்போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியார் பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அதைப் பத்தி ரெண்டு விதமாச் சொல்றாங்க, மேடம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"யாரு சொல்றாங்க?"

"எங்க வீட்டுல."

ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி சார், எந்தப் பாடம்னு முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று பேனாவின் மூடியைத் திறந்தார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். தன் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, மகளை எழுப்பி, அவளுடைய நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து மேஜைக்கு நேர் எதிரே போட்டார்.