இரண்டு சாம்பல் கோடுகள்

பள்ளிக்கூடத் தெருவில் பள்ளம் தோண்டுகிற இடத்தில் கேஸ் வாடை அடிக்கிறதாம். அக்காவிடம் சொன்னது கீழ்வீட்டுக்காரி. அவளிடம் சொன்னது பால்காரர். அவரிடம் யார் சொன்னார்களோ.

"உங்க வீட்டுக்காரர்தானே அங்க பொக்லைன் ஓட்டறாரு?"

"அப்போ அவரு சாக்ஸ் வாடையா இருக்கும்," என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். கதவைச் சாத்திவிட்டு அக்கா விட்ட வேலைக்குத் திரும்பினாள்.

அக்கா நகராட்சியில் வரைபடம் வரைகிறவள். தண்ணீர், சாக்கடை, கேஸ், மின்சாரம் என்று மண்ணுக்குள் ஓடுவதெல்லாம் அவள் கை வழியாகத்தான் தாளுக்கு வரும். தோண்டுகிறவர் கண்ணுக்கு மண் மட்டும்தான். மற்றதெல்லாம் தாள் சொன்னால் உண்டு. பல வருஷமாக அவள் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு விதக் கோடு போட்டுவந்தாள். கேஸ் என்றால் குறுக்குக் கீறல், கைவிட்ட பழைய தண்ணீர்க் குழாய் என்றால் புள்ளி. மாமா அதைச் சாப்பாட்டு மேஜையில் விரித்துக் கிண்டலடிப்பார்.

"என்னடி இது, எறும்புங்க சண்டை போட்ட மாதிரி?"

"உங்க கையெழுத்துக்கு இது எவ்வளவோ தேவலை."

சொல்லிவிட்டாளே தவிர, அது உள்ளே தைத்திருக்க வேண்டும். இந்தமுறை, பள்ளிக்கூடத் தெரு வேலைக்கு, கீறல், புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். எல்லாம் ஒரே தடிமன். கேஸ் ஆரஞ்சு, பழைய குழாய் பச்சை. பெரிய திரையில் போட்டுக் காட்டியபோது கைதட்டினார்கள். "கண்ணுல ஒத்திக்கலாம் மேடம்," என்றார் பொறியாளர். அக்கா கடல் தாண்டி எனக்கும் அனுப்பினாள். எனக்கும் அழகாகத்தான் பட்டது.

இன்று அவளுக்கு லீவு. மேஜையைத் துடைக்கும்போது மடித்த தாள் ஒன்று கிடந்தது. மாமா எப்போதும் இரண்டு நகல் வாங்குவார். ஒன்று சட்டைப்பைக்கு, ஒன்று வீட்டுக்கு. விரித்தாள். கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்.

வேலை நடக்கிற இடத்தில் கலர் பிரிண்டர் கிடையாது என்பது அவளுக்குத் தெரியாததா? அதற்காகத்தானே இத்தனை வருஷம் கீறலும் புள்ளியும்! கைதட்டலில் அது மறந்தே போனது.

பள்ளிக்கூடத் தெருவில் இரண்டு கோடுகள் அருகருகே ஓடின. இரண்டும் ஒரே சாம்பல். அந்தத் தெரு அவளுக்கு மனப்பாடம்: சுவரை ஒட்டிப் போவது பழைய குழாய், நடுவில் போவது கேஸ். மாமாவின் பேனா நடுக்கோட்டைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் அந்தக் கோணல் கையெழுத்து: "செத்த குழாய். இன்னிக்கு ஒடைச்சு எடுக்கணும்."

அக்கா போனை எடுத்தாள். மணி போனது. வண்டி உறுமுகிற சத்தத்தில் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. வைத்துவிட்டு மறுபடியும் அடித்தாள்.

"எடுங்க... ஒடைச்சுடாதீங்க... எடுங்களேன்."

பேசிக்கொண்டே ஒரு கையால் செருப்பைத் தேடினாள். மணி போய்க்கொண்டிருந்தது.