கவுண்டருக்குள் சாப்பிட்டது

இது கதை இல்லை. ராத்திரியில் நடந்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே விட்டிருப்பேன். நடந்தது பட்டப்பகலில். இன்றைக்கும் நான் பருப்புச் சாதம் சமைப்பதில்லை.

நாங்கள் மாரெட்பள்ளியில் இருக்கிறோம். என் கணவர் வினய்க்குப் பாழடைந்த இடங்களைப் படம் எடுக்கும் பைத்தியம். போன மழைக்காலத்தில், விகாராபாத் தாண்டி மலைக்குள் கைவிடப்பட்ட ஒரு ரயில்வே ஸ்டேஷனுக்கு என்னையும் இழுத்துப் போனார். போன பிறகுதான் அன்று அமாவாசை என்று நினைவு வந்தது. மாமனார் இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. காக்கைக்குச் சோறு வைக்காமல் வினய் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். தான் வைத்தால்தான் அப்பா பசியாறுவார் என்று அப்படி ஒரு நம்பிக்கை.

ஸ்டேஷனா அது... செத்த எலி நாற்றம். சுவரெல்லாம் பாசி, தொட்டால் சளி மாதிரி ஒட்டியது. டிக்கெட் கவுண்டர் கம்பிக்குக் கீழே கை நுழைக்கும் ஓட்டை மட்டும் தினமும் துடைத்ததுபோல் பளபளத்தது.

"இங்க வேணாங்க. வீட்டுல போய் வைக்கலாம்," என்றேன்.

"நக்கோ, அதெல்லாம் முடியாது. அப்பா பசியா இருப்பார்."

டப்பாவிலிருந்த பருப்புச் சாதத்தைத் தேக்கு இலையில் எடுத்து, கவுண்டர் திட்டில் வைத்தார். பிளாட்பாரத்துக்கு வந்து "கா... கா..." என்று கூப்பிட்டார். மலை முழுக்க ஒரு பறவைச் சத்தம் இல்லை.

கால் மணி நேரம் நின்றோம். வினய்க்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா... வாங்கப்பா," என்றார்.

மணி பன்னிரண்டு முப்பத்தாறு.

சளப்... சளப்...

திரும்பினோம். இலையைக் காணோம்.

சத்தம் கவுண்டருக்குள்ளிருந்து வந்தது. வாய் நிறைய மெல்லும் சத்தம். நடுநடுவே எச்சிலை உறிஞ்சியது.

நின்றது.

ஓட்டை வழியாக இலை மெல்ல வெளியே வந்தது. பாதிச் சாதம்... மென்று துப்பியது. நூல் நூலாக எச்சில். அதற்குள் ஒரு மனிதப் பல்.

"அப்பா எப்பவும் கடைசி உருண்டைய எனக்கு வைப்பார்," என்றார் வினய். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

நான் கையைப் பிடிப்பதற்குள்...

வாயில் போட்டுக்கொண்டார்.

விழுங்கினார்.

அவரை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். வழியெல்லாம் நான்தான் வாந்தி எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த அமாவாசையிலும் எங்கள் மாடியில் காக்கை அவர் வைத்த சோற்றைத் தொடவில்லை.

போன மாதம்தான், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஜெயச்சந்திரன் மாமாவிடம் அந்த ஸ்டேஷனைப் பற்றிக் கேட்டேன். மாமா காப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்சரிவுல மூடிப்போச்சும்மா. டிக்கெட் குடுக்கிறவரும் அவர் மகனும் கவுண்டருக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. தோண்டி எடுக்க மூணு வாரம் ஆச்சு. அப்பா தெம்பா நடந்து வெளிய வந்தார். மகனோட எலும்பத்தான் பொறுக்கினாங்க."